பழைய கைத்துப்பாக்கிகளுக்குக் குறையாத மதிப்பு: பின்னணியில் இறக்குமதிக் கட்டுப்பாடும் வாரிசுரிமைச் சிக்கலும்

புது தில்லி: இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தயாரான சிறிய ரகக் கைத்துப்பாக்கிகள், இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடையே இன்றும் பல லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன. பழமையின் மீதான பற்று மட்டுமே இதற்குக் காரணம் அன்று. ஆயுதச் சட்டமும் இறக்குமதிக் கொள்கையும் சேர்ந்தே இந்த விலையை உருவாக்கியுள்ளன. அதே சட்டம், இத்தகைய துப்பாக்கிகளைத் தலைமுறைகளாகப் பாதுகாத்து வரும் குடும்பங்களைச் சிக்கலுக்கும் உள்ளாக்கியுள்ளது.

எவை இந்தத் துப்பாக்கிகள்?

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெளியேறும். அந்த வெடிப்பின் அழுத்தத்தாலேயே காலி உறை வெளியே தள்ளப்பட்டு அடுத்த தோட்டா தானாக ஏற்றப்படும். பகுதி தானியங்கி பிஸ்டல் இயங்கும் முறை இதுவே. இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற வடிவமைப்பாளர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். அவரது வடிவமைப்பில் உருவான கோல்ட் 1903 மாதிரியும், பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தயாரித்த பிரௌனிங் பிஸ்டல்களும், 1929-இல் ஜெர்மனியில் அறிமுகமான வால்தர் பி.பி. ரகமும் இந்தியச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுபவை.

எஃகுக் கட்டியைக் கடைந்து உருவாக்கிய உடல், கருநீல மெருகு, கையால் இழைத்துப் பொருத்திய பாகங்கள் ஆகியவை இவற்றின் சிறப்பு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடலுடன் வரும் இக்காலத் துப்பாக்கிகளில் அந்த வேலைப்பாட்டைக் காண்பது அரிது.

வரலாற்றின் நிழல்

இந்திய விடுதலைப் போராட்டத்தோடு இத்துப்பாக்கிகளுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் துப்பாக்கியால். 1914 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களைப் புரட்சியாளர்கள் கைப்பற்றினர். 1931 பிப்ரவரி 27 அன்று சந்திரசேகர ஆசாத் உயிர்நீத்தபோது அவரிடம் இருந்த கோல்ட் பிஸ்டல், பிரயாக்ராஜில் உள்ள அலகாபாத் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

1928-இல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட பகத் சிங் பயன்படுத்திய .32 காலிபர் கோல்ட் பிஸ்டல், நெடுங்காலம் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளியில் அடையாளம் தெரியாமல் கிடந்தது. மேலே பூசியிருந்த வண்ணத்தைச் சுரண்டி, வரிசை எண்ணை ஒப்பிட்ட பிறகே அது அறியப்பட்டது. தற்போது பஞ்சாபின் ஹுசைனிவாலா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 1948 ஜனவரி 30 அன்று மகாத்மா காந்தியின் உயிரைப் பறித்ததும் இத்தாலியத் தயாரிப்பான பெரெட்டா என்னும் பகுதி தானியங்கி பிஸ்டலே.

விலையை உயர்த்திய கொள்கை

9 மி.மீ., .45 போன்ற படைத்துறைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. எனவே உலகெங்கும் புகழ்பெற்ற கோல்ட் 1911, லூகர் போன்றவை அந்தத் தோட்டாக்களுக்கான வடிவில் சாதாரண உரிமதாரருக்குக் கிடைப்பதில்லை. எஞ்சுவது பெரும்பாலும் .32 காலிபர் ரகமே.

அடுத்த தடை இறக்குமதி. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் தருவிப்பது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்குகள் உண்டு. இதனால், அதற்கு முன் நாட்டுக்குள் வந்த துப்பாக்கிகளே திரும்பத் திரும்ப விற்பனைக்கு வருகின்றன. பிற நாடுகளில் எளிய விலைக்குக் கிடைக்கும் ஒரு பழைய பிஸ்டல், இங்கு அதைப் போலப் பல மடங்கு விலை பெறுவதன் காரணம் இதுவே. அரசுத் தொழிற்சாலைகள் .32 காலிபரில் 'அஷானி' பிஸ்டலைத் தயாரித்தாலும், வெளிநாட்டுப் பழைய ரகங்களின் மீதான நாட்டம் குறையவில்லை.

மூன்றிலிருந்து இரண்டாக

1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வரம்பை இரண்டாகக் குறைத்தது. மசோதாவில் முதலில் ஒன்று என்றே இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் மாற்றப்பட்டது. பரம்பரைச் சொத்தாக வரும் துப்பாக்கிகளுக்கும் இதே வரம்பு பொருந்தும். கூடுதலாக இருந்தவற்றைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.

தாத்தாவின் பிஸ்டல், தந்தையின் வேட்டைத் துப்பாக்கி, தானே வாங்கியது என மூன்று வைத்திருந்தவர் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. சந்தை மதிப்பு உள்ள பொருளாயினும், அதை வாங்கத் தகுதியுள்ளவர் உரிமதாரர் மட்டுமே. அவருக்கும் இரண்டு என்பதே வரம்பு.

அதே வேளையில், கட்டுப்பாட்டை ஆதரிப்போரின் வாதத்தையும் புறந்தள்ள இயலாது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவதால் உயிரிழப்புகள் நேர்வதைத் தடுக்க, அத்தகைய செயலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. மேலும், பழைய வடிவமைப்புகள் பலவற்றில் தவறி விழுந்தால் வெடிப்பதைத் தடுக்கும் அமைப்பு இல்லை. சுருள்வில்கள் தளர்ந்திருக்கும், அசல் உதிரிபாகங்கள் கிடைப்பதும் அரிது.

வாரிசுகள் அறிய வேண்டியவை

பழையது என்பதாலேயே உரிமம் தேவையில்லை என்று கருதுவது தவறு. பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கே சட்டம் விலக்கு அளிக்கிறது. நூறாண்டு கடந்த பிஸ்டலும் இயங்கும் நிலையில் இருந்தால் உரிமம் கட்டாயம். உரிமமின்றி வைத்திருப்போருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். தடைசெய்யப்பட்ட வகையாயின் ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரை.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தம் வாழ்நாளிலேயே வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இவ்வழியை நாடாத குடும்பங்களில், மூத்தவரின் மறைவுக்குப் பின் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு புதிய உரிமம் கோர வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டால், விலைமதிப்பு எவ்வளவாயினும் அந்தத் துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பாது.