அந்த விரல் இருந்துவிட்டுப் போகட்டும்

எங்கள் தெருவில் ஒருவர் சிப்பிப்பாறைக் குட்டி வாங்கியிருக்கிறார். இரண்டு மாதம் ஆகிறது. முன்காலில் உள்பக்கமாக, தரையில் படாமல் மேலே நிற்கிறதே அந்த விரல், அதை எடுத்துவிட்டால் கால் 'நீட்டாக' இருக்குமாம். யோசனை கேட்டார். கூடாது என்றேன்.

அது வெறும் நகமல்ல சார். உள்ளே எலும்பும் தசைநாரும் இருக்கின்றன. ஓடித் திரும்பும்போது மண்ணில் ஊன்றவும், எலும்புத்துண்டைப் பிடித்துக் கடிக்கவும் உதவுகிறது. முயல் வேட்டைக்கு வளர்த்த இனத்துக்கு அதையா வெட்டுவது? அதுவும் இந்த வயதில் மயக்கமருந்து கொடுத்துத்தான் செய்யவேண்டும். பின்னங்காலில் பிடிப்பில்லாமல் தொங்கி, எதிலாவது மாட்டிக் கிழிந்தால் சரி, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அவர்கள் இதை 'எர்கோ' என்பார்கள்; சேவல் கால் முள்ளுக்கும் அதே சொல்தான். அவர்களுடைய போஸரோன் மேய்ப்புநாய்க்குப் பின்னங்காலில் இரட்டை எர்கோ இல்லாவிட்டால் கண்காட்சியில் ஒதுக்கிவிடுவார்கள். அங்கே அழகு, இங்கே அசிங்கமா?

நம்மூர் பீங்கான் பொம்மையை அச்சிலிருந்து எடுத்ததும் பிசிறை வழிப்பார்கள். குட்டி என்ன பொம்மையா? 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு, கொம்பு நீக்கவும் மூக்கணாங்கயிறு போடவும் விலக்குத் தருகிறது. விரல் வெட்ட அதில் விலக்கில்லை.

அந்த நகம் தேயாது, வளைந்து சதையில் குத்தும், அது நிஜம். அவ்வப்போது நுனியை மட்டும் நறுக்கவேண்டும். அதற்குச் சோம்பல்பட்டா கத்தி வைப்பது?