கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் தமிழ்

இலக்கியம் பேசும் இடத்தில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொல் மனிதனை ஆக்குகிறது என்று ஓயாமல் எழுதிவரும் நாம், அது கண்முன்னே நடக்கும் இடத்தை ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றுக்குப் போட்டி நாளன்று போய், ஆட்டத்தைப் பாராமல், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களை மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள். "தண்டச்சோறு." "பொட்டப்பிள்ள மாதிரி ஓடுறான் பாரு." "டேய், உன்னையெல்லாம் டீம்ல சேத்ததே தப்புடா." ஓடுகிறவனுக்கு வயது பன்னிரண்டு இருக்கும். அதே மைதானத்தில் ஓடக் காத்திருக்கும் பெண்பிள்ளைகளும் அந்த இரண்டாவது வசவைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இவற்றில் ஒன்றுகூட ஆட்டத்தைப் பற்றிய சொல் இல்லை. பந்தை யாருக்குத் தள்ளியிருக்க வேண்டும், எந்த வளைவில் வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லப்பட்டதெல்லாம் அந்தப் பிள்ளை யார் என்பதுதான். செயலைத் திருத்த வேண்டிய இடத்தில் நாம் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம். கி.ரா. அகராதி தொகுத்துத் தந்த இந்தக் கரிசல் வழக்கில் பட்டப்பெயருக்கு உள்ள ஆயுளை நாம் அறிவோம். பெற்றோர் இட்ட பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிடும். ஊர் இட்ட பெயர் சுடுகாடுவரை கூட வரும். வேறுபாடு ஒன்றுண்டு. ஊர்ப் பட்டப்பெயரை ஊரார் சொல்லி அழைக்கிறார்கள். மைதானத்தில் இட்ட பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளை தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறான்.

இந்த மொழி மைதானத்தில் பிறந்ததன்று. தீப்பெட்டியும் பட்டாசும் இந்த மண்ணுக்குச் சோறு போட்டன என்பதை மறுப்பவர்கள் இந்த மண்ணை அறியாதவர்கள். ஆனால், 1980-களில் விடியுமுன்பே ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதும் இதே மண்ணில்தான். கட்டை அடுக்கினால் இவ்வளவு, பெட்டி ஒட்டினால் இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் ஒரு குழந்தையின் பகல்பொழுது அளக்கப்பட்டது. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றமேகூட, இளம் தொழிலாளரின் மென்மையான கைகள் பொருளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு அதிகம் பொருத்தமானவை என்றுதான் எழுதியது. அதே வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இடைப்பட்டவை ஆறே ஆண்டுகள். குழந்தையின் கையைக் கண்டவுடன் அது எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பழக்கம் நாட்டின் உச்ச மன்றத்துக்கே இருந்தது என்றால், கோட்டோரம் நிற்கும் தகப்பனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பெருமளவுக்குப் பிள்ளைகள் ஆலையைவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். எண்ணிக்கை மொழியும் பின்னாலேயே வந்துவிட்டது. 2023-இல் பிளஸ் டூ தேர்ச்சியில் 97.85 விழுக்காட்டோடு விருதுநகர் மாநிலத்தில் முதலிடம் பெற்றது; அதற்கு முன்பும் பல ஆண்டுகள் அந்த இடம் இம்மாவட்டத்துடையதே. பெருமைதான், மறுக்கவில்லை. அந்தப் பெருமைக்காக விளையாட்டுப் பாடவேளைகள் எத்தனை கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் இரவல் போயின என்பதையும் யாராவது எண்ணிச் சொல்லலாம். மிச்சமிருக்கும் விளையாட்டுக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: "கோட்டா கிடைக்குமா?" கோப்பை, சான்றிதழ், கோட்டா. இவை கிட்டாவிட்டால் பிள்ளை ஓடியதெல்லாம் தள்ளுபடியான சரக்கு.

நிற்க. "எங்களையும் திட்டித்தான் வளர்த்தார்கள், நாங்கள் கெட்டா போனோம்?" என்று ஒரு வாதம் உண்டு. இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் அப்போதே மைதானத்தைவிட்டுப் போனவர்களை மறந்துவிடுகிறார். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் அணிகளை வைத்து ஸ்மித், ஸ்மோல் என்ற இருவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பங்கேற்று 1992-இல் வெளியான ஆய்வின்படி, மறு ஆண்டு ஆட்டத்தைவிட்டு விலகியவர்கள் அந்தப் பயிற்சியாளர்களின் அணிகளில் 5 விழுக்காடு. மற்ற அணிகளில் 26. வெற்றி தோல்விக் கணக்கிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்திருந்த பிள்ளைகளே இத்தகைய பேச்சால் அதிகம் பயன்பெற்றார்கள் என்பதையும் அவர்களது ஆய்வுகள் காட்டின. நம் வாதக்காரர் பயன் என்று எதைச் சொல்கிறாரோ அதுவும் வசவால் கிடைப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் புகழ்ந்து தள்ளிவிடலாமா? அதுவும் பெயர் சூட்டல்தான். முல்லர், டுவெக் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தோல்வி வந்ததும் முயற்சியைத் தளரவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் இருவர் தம் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்களிடம் இந்தத் தளர்ச்சி இல்லை. "எங்க ஊரு சிங்கம்" என்று மைக்கில் முழங்கும் நம் வர்ணனையாளர்கள் யோசிக்கட்டும். மறுநாள் தோற்றுவிட்ட சிங்கம் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போகும்?

வேறு விதமாகப் பேசிய பெரியவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி தாய் தந்தையை இழந்து, தங்கையோடு பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். பேத்திகளை வேலைக்கு அனுப்பச் சொன்ன உறவினர்களுக்குக் கூலி வேலை செய்துவந்த அந்தப் பாட்டி இணங்கவில்லை. வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஏதோ இருப்பதைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன், முதலில் தயங்கிய பாட்டியிடம் பேசிப் புரியவைத்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி. இதை வெற்றிக் கதையாகச் சொல்வதில் நமக்கு விருப்பமில்லை. அப்படிச் சொன்னால் நாமும் கோப்பைக் கணக்குக்கே திரும்பிவிடுவோம். அவர் ஒலிம்பிக்குக்குப் போகாமலே இருந்திருந்தாலும், பிள்ளையை வரும்படியாகப் பார்க்காத இரண்டு பெரியவர்கள் அவருக்கு வாய்த்திருந்தார்கள் என்பது மாறியிராது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பறைச் சுவரோடு அந்தப் பிரிவு முடிந்துவிடுவதில்லை, மைதானமும் பள்ளிதான். பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர்கள் பலர், விசிலோடு வெளியே வந்ததும் வாயை அவிழ்த்துவிடுகிறார்கள். தலைமையாசிரியர்கள் அதைக் கேளாதவர்போல் இருக்கிறார்கள். பெற்றோரோ, "சார், நாலு போடு போடுங்க" என்று எடுத்துக்கொடுக்கிறார்கள்.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த குறுவட்டப் போட்டிக்குமுன், நீர்மோர்ப் பந்தலுக்கும் சிறப்பு விருந்தினர் பொன்னாடைக்கும் ஒதுக்கும் நேரத்தில் இரண்டரை மணியை உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒதுக்கி, பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுங்கள். இரவல் வாங்கிய பாடவேளைகளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.