ரயில் நோட்டீஸ் டாக்டர்கள்

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்த நோட்டீஸ் தெரியாமல் இருக்காது. "ரகசிய வியாதிகளுக்கு கியாரண்டி சிகிச்சை" என்று போட்டு, கீழே ஒரு செல் நம்பர். படித்துவிட்டுச் சிரிப்போம். போன வருஷம் என் நண்பன் ஒருவன் சிரிக்கவில்லை. நம்பரைக் குறித்துக்கொண்டான்.

அவனுக்கு வந்தது பிறப்புறுப்பில் நாலைந்து மரு. வலி இல்லை, பயம்தான். லாட்ஜ் ரூமில் இருந்த 'டாக்டர்' எட்டாயிரம் வாங்கிக்கொண்டு ஒரு களிம்பு கொடுத்தார். மரு போகவில்லை, தோல்தான் வெந்தது.

பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஒட்டுகிறார்கள். ஏன்? நான் படிப்பது பி.காம். டிமாண்ட் இல்லாமல் சப்ளை கிடையாது. அந்த டிமாண்டை உண்டாக்குவது நம்ம வெட்கம்தான்.

இது அபூர்வமான வியாதியும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் வந்த கட்டுரைப்படி, வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 160 முதல் 289 பேருக்கு இந்த மரு வருகிறது. பத்து லட்சம் பேர் உள்ள ஊர் என்றால் சுமார் 2000 பேர்! நம் நாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்து எடுத்தவை. லாட்ஜுக்குப் போனவன் எந்த லெட்ஜரிலும் இல்லை.

"ஒழுக்கம் கெட்டவனுக்குத்தான் வரும்" என்பவர்களே, கொஞ்சம் கேளுங்கள். காரணம் ஹெச்.பி.வி. வைரஸ், பெரும்பாலும் அதன் 6, 11 வகைகள். உடலுறவில் தோலோடு தோல் உரசினாலே தொற்றும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும். மனைவிக்கு மரு வந்ததும் "யாரிடம் போனாய்?" என்று கேட்கிற கணவனே கல்யாணத்துக்கு முன்பு வாங்கி வந்ததாக இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்குபவை 16, 18 போன்ற வேறு வகைகள். மருவுக்கு மருந்து வைக்கலாம், உறைய வைத்து எடுக்கலாம். திரும்ப வரலாம், திரும்ப எடுக்கலாம். அவ்வளவுதான். 2023ல் வந்த நம்ம ஊர் தடுப்பூசி செர்வாவேக் இந்த நாலு வகைகளையும் தடுக்கிறது.

நோட்டீஸ் ஒட்டிய அதே ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். நடக்கிற தூரத்தில் ஜி.ஹெச். பால்வினை நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமா? 1097க்கு போன் போடுங்கள், காசு கிடையாது.

அடுத்த தடவை அந்த நோட்டீஸைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். கிழித்துப் போடுங்கள்.

பி.கு: நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். யார் அவன் என்று கிளாஸில் வந்து துளைக்காதீங்க மக்களே!