சான்றிதழில் ஒரு பெயர், ரெஸ்யூமேயில் ஒரு பெயர்: திருநர்களின் வேலைதேடல் எங்கே முட்டி நிற்கிறது?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனத்தில் உங்களுக்கு இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்னிக்கல் ரவுண்டு நல்லபடியாகப் போய்விட்டது. அடுத்து ஹெச்.ஆர். ரவுண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை நீட்டுகிறீர்கள். எதிரில் இருப்பவர் சான்றிதழைப் பார்க்கிறார், உங்களைப் பார்க்கிறார், திரும்ப ரெஸ்யூமேயைப் பார்க்கிறார். "இது யாரோட சர்டிஃபிகேட்?" என்று கேட்கிறார்.

உங்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்வி வாழ்நாளில் ஒருமுறைகூட வராது. சட்டப்படி பெயர் மாற்றும் முன்பே வேலை தேடும் திருநங்கைக்கும் திருநம்பிக்கும் ஒவ்வொரு முறையும் வரும். பதில் சொன்னால் தன் அடையாளம் முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் போலிச் சான்றிதழ் கொண்டுவந்தவர் போல நிற்க வேண்டும்.

"அதுக்கென்ன, முதல்ல பேரை மாத்திட்டு அப்புறம் வேலை தேடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் மாற்றப் பணம் வேண்டும், அலுவலகம் அலுவலகமாக அலைய நாள் வேண்டும், நிலையான முகவரி வேண்டும். வீட்டை விட்டு வெளியேறிய ஒருவருக்கு இந்த மூன்றையும் தரக்கூடியது வேலைதான். வேலைக்குப் பெயர் வேண்டும், பெயருக்கு வேலை வேண்டும். சிக்கலின் மையம் இதுதான்.

ஒரு வேலைக்கு எத்தனை இடத்தில் பெயர் கேட்கிறார்கள்?

ஒரு சாதாரண தனியார் வேலையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆன்லைன் விண்ணப்பம், ரெஸ்யூமே, இன்டர்வியூ பட்டியல், அலுவலக மின்னஞ்சல், ஐ.டி. கார்டு என்று ஐந்து. கல்விச் சான்றிதழ்கள், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், ஆதார்-பான், பி.எஃப். கணக்கு, சம்பள வங்கிக் கணக்கு என்று இன்னொரு ஐந்து. மொத்தம் பத்து.

இரண்டாவது ஐந்தில் ஆவணத்தில் உள்ள பெயரைத் தவிர்க்க முடியாது. பி.எஃப்.பில் உள்ள பெயர் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் ஐந்துக்கும் சட்டப்பெயர் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழக்கத்தால் கேட்கிறோம். பாதி இடங்களில், நிறுவனம் நினைத்தால் இன்றைக்கே தீர்ந்துவிடும் பிரச்சனை இது.

14 இன்டர்வியூ, ஒரு மாஸ்க்

கேரளத்தில் இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. அனீரா கபீர் கல்வியியல் உட்பட மூன்று முதுகலைப் பட்டங்கள் பெற்ற திருநங்கை. 2021இல் இரண்டு மாதத்தில் 14 இன்டர்வியூக்களுக்குப் போனதாக அவர் சொல்லியிருக்கிறார். கடைசி இன்டர்வியூவுக்கு ஆண் உடை அணிந்து, தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு போனார். வேலை கிடைத்தது, அரசுப் பள்ளியில் பகுதிநேர ஆசிரியராக.

2022 ஜனவரியில் அந்த வேலை போனது. கருணைக்கொலைக்கு அனுமதி கேட்கும் அளவுக்கு அவர் தள்ளப்பட்டது செய்தியான பிறகு, கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி தலையிட்டு வேலையைத் திரும்பப் பெற்றுத் தந்தார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில், கல்வியிலும் அரசு வேலையிலும் திருநர்களுக்கு இடஒதுக்கீடு தர ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்த வழக்கின் தலைப்பைப் பாருங்கள்: பழைய பெயர், அதன் பக்கத்தில் புதிய பெயர். உரிமை கேட்டுப் போன இடத்திலும் இரண்டு பெயரோடுதான் நிற்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. 2015இல் தமிழ்நாட்டில் சப்-இன்ஸ்பெக்டர் பணிக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சான்றிதழ்களில் இருந்த பெயரும் விண்ணப்பத்தில் இருந்த பெயரும் வேறு என்பது ஒரு காரணம். விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டமே இல்லை என்பது இன்னொன்று. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார். மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற விஷயத்துக்கு அவர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2014இல் நால்சா வழக்கில், தன் பாலின அடையாளத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, திருநர்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த முதல் மாநிலமானது கேரளம். அந்தக் கொள்கைக்கு அடிப்படையாக இருந்த கணக்கெடுப்பில், 58% பேர் பத்தாம் வகுப்பை முடிக்கும் முன்பே படிப்பை நிறுத்தியவர்கள். நிரந்தர வேலையில் இருந்தவர்கள் 11.6% மட்டுமே. அதாவது சான்றிதழை நீட்டும் நிலைக்கு வருவதே பாதி தூரம் கடந்ததற்குச் சமம்.

2019இல் மத்திய அரசின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020இல் அதற்கான விதிகள். வேலைதேடுபவருக்கு முக்கியமானவை மூன்று.

ஒன்று, மாவட்ட ஆட்சியரிடமிருந்து திருநர் அடையாளச் சான்றிதழ். சுய உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், மருத்துவப் பரிசோதனை தேவையில்லை, 30 நாளில் தர வேண்டும் என்றன 2020இல் வந்த விதிகள். ஆண் அல்லது பெண் என்று சான்றிதழ் வேண்டுமென்றால்தான் அப்போது 7ஆவது பிரிவின்படி மருத்துவச் சான்று தேவைப்பட்டது.

இரண்டு, அந்தச் சான்றிதழ் இருந்தால் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. விண்ணப்பித்த 15 நாளில் மாற்றித் தர வேண்டும் என்கின்றன விதிகள்.

மூன்று, வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 9ஆவது பிரிவு. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது 11ஆவது பிரிவு.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? ஓட்டை இங்கேதான். தண்டனை பற்றிப் பேசும் 18ஆவது பிரிவில் கொத்தடிமை வேலை, பொது இடத்தில் தடுப்பது, வீட்டை விட்டு விரட்டுவது, உடல் மன ரீதியான துன்புறுத்தல் எல்லாம் உண்டு. வேலை தர மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. தவறு என்று சட்டம் சொல்கிறது, என்ன தண்டனை என்று சொல்லவில்லை.

2025 அக்டோபர் 17 அன்று ஜேன் கௌஷிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொட்டதும் இந்த இடைவெளியைத்தான். அவர் திருநங்கை ஆசிரியர். உத்தரப் பிரதேசத்தில் ஒரு பள்ளி வேலைக்குச் சேர்த்த சில நாளிலேயே வெளியே அனுப்பியது. குஜராத்தில் ஒரு பள்ளி ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு, அடையாளம் தெரிந்ததும் சேர விடவில்லை. அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்ட நீதிமன்றம், சம வாய்ப்புக் கொள்கையை உருவாக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு பெயரின் பயணம்

இதை மேப்பில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். திருநர் சான்றிதழுக்கு தேசிய போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம், ஆனால் முடிவெடுப்பது குடப்பனக்குன்னில் இருக்கும் கலெக்டரேட். அதுவும் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து போன மாதம்தான் இங்கே வந்தீர்கள் என்றால், இந்த ஒரு வரியே உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும். எந்த ஊரை விட்டு வந்தீர்களோ, அதே ஊருக்கு.

அரசிதழ் அறிவிப்பு வேண்டுமென்றால் அச்சுத் துறை. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழுக்கு பூஜப்புரையில் இருக்கும் பரீட்சா பவன். பட்டச் சான்றிதழுக்கு பாளையத்தில் கேரளப் பல்கலைக்கழகம். ஒரே நகரத்துக்குள் நான்கு அலுவலகம், நான்கு வரிசை. படித்தது தமிழ்நாட்டில் என்றால் பட்டியல் இன்னும் நீளும்.

சான்றிதழ் கையில் இருந்தாலும் கல்வி நிறுவனங்கள் ஒத்துழைக்கும் என்று உறுதி இல்லை. மணிப்பூரைச் சேர்ந்த மருத்துவர் பியோன்சி லைஷ்ராம், புதிய பெயரில் கல்விச் சான்றிதழ்கள் பெறவே உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2025இல்தான் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது.

நீங்கள் வேலை தேடுபவரா?

ரெஸ்யூமே என்பது சட்ட ஆவணம் அல்ல. உங்கள் பெயரையே எழுதுங்கள். ஆனால் "சான்றிதழில் உள்ளபடி பெயர்" என்று கேட்கும் படிவத்தில் சான்றிதழில் இருப்பதையே எழுதுங்கள். குறிப்பாக கேரள பி.எஸ்.சி.யின் 'துளசி' போர்ட்டலில் ஒருமுறைப் பதிவு செய்யும்போது கவனம். இங்கே பெயர் பிசகினால் சரிபார்ப்பின்போது சிக்கலாகும்.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். பெயர் வேறுபாட்டுக்கானது அது, கேட்டுப் பாருங்கள். முதலில் ஆதார், அடுத்து பான், வங்கி, பி.எஃப். என்ற வரிசையில் மாற்றினால் திரும்பத் திரும்ப அலைவது குறையும்.

எப்போது சொல்வது? அது உங்கள் முடிவு, வேறு யாரும் சொல்லித் தர முடியாது. ஆனால் சொல்வதென்றால் ஆஃபர் கையில் வந்த பிறகு, மின்னஞ்சலில், ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். "என் சான்றிதழ்களில் வேறு பெயர் இருக்கும், சரிபார்ப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்" என்ற ஒரு வரி போதும். பிறகு ஆஃபர் திரும்பப் பெறப்பட்டால், ஏன் என்ற கேள்விக்கு அந்த மின்னஞ்சலே உங்கள் சாட்சி.

நீங்கள் வேலை கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறீர்களா?

டீம் லீடாகவோ ஹெச்.ஆரிலோ இருந்தால், நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பாருங்கள். 'அழைக்கும் பெயர்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறதா? ஆவணப் பெயரை எத்தனை பேர் பார்க்க முடிகிறது? பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஏஜென்சி பழைய நிறுவனத்துக்குப் போன் போடும்போது எந்தப் பெயரைச் சொல்கிறது? இது முக்கியம், ஏனென்றால் இன்டர்வியூவில் காத்த ரகசியத்தை அந்த ஒரு போன் உடைத்துவிடும். கடைசியாக, 11ஆவது பிரிவு சொல்லும் புகார் அதிகாரி உங்கள் ஆபீசில் யார்?

இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரியாவிட்டால், உங்கள் நிறுவனத்துக்கு இன்டர்வியூ வரும் அடுத்த திருநர் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கலாம்.