பெங்களூரு வெயிலும் பத்து வருஷ விஸ்கியும்

டிஸ்கி: யாரையும் குடிக்கச் சொல்லி எழுதலை. பழக்கமில்லாதவங்க இதைப் படிச்சு ஆரம்பிக்கவும் வேண்டாம்.

பெங்களூருல நாலு தமிழ்க் குடும்பம் வாரக்கடைசியில கூடினா, ஆம்பளைங்க பக்கம் ஒரு டூட்டி ஃப்ரீ பாட்டில் எட்டிப் பார்க்கும். முதல் கேள்வியே "எத்தனை வருஷம் மச்சி?"தான். பன்னிரண்டுன்னா மரியாதை, பதினெட்டுன்னா பாட்டிலோட போட்டோ. அதே மேஜையில அம்ருத் சிங்கிள் மால்ட்டை வெச்சா, "லோக்கல் சரக்கா?"ன்னு ஒரு இளிப்பு. லேபிள்ல வயசு வேற போட்டிருக்காதா, தொலைஞ்சுது.

அந்த லோக்கல் சரக்கோட பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1948-ல ராதாகிருஷ்ண ஜக்தலே ஆரம்பிச்ச கம்பெனி. ராணுவக் கேன்டீனுக்கு ரம் சப்ளை பண்ணி வளர்ந்தது. நம்ம நாட்டுல விஸ்கின்னு விக்கிறதுல பெரும்பகுதி மொலாசஸ்ல இருந்து எடுத்த ஸ்பிரிட், அதுல கொஞ்சம் மால்ட். முழுக்க பார்லியில செஞ்ச சிங்கிள் மால்ட்டை இவங்க 2004-ல முதல்ல கொண்டுபோய் இறக்கினது எங்கே தெரியுமா? ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல! திருப்பதியில போய் லட்டுக் கடை போட்ட கதை :-) உள்ளூர்க்காரனுக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் கிடைச்சுது. ஜிம் முர்ரே தன்னோட 2010 விஸ்கி பைபிள்ல அம்ருத் ஃப்யூஷனுக்கு உலகத்துல மூணாவது இடம் கொடுத்த பிறகுதான் நம்மாளுங்க திரும்பியே பார்த்தாங்க.

இதுல பீட்டட் விஸ்கின்னா புகை வாசனை. சதுப்பு நிலத்துல பாசியும் செடிகொடியும் ஆயிரக்கணக்கான வருஷம் அரைகுறையா மக்கி இறுகினதுதான் பீட். வெட்டிக் காய வெச்சா வறட்டி மாதிரி எரியும். முளைகட்டின பார்லியை அந்தப் புகையில காய வெச்சா வாசனை ஒட்டிக்கும். முதல் தடவை மோந்தா ஆஸ்பத்திரி டிஞ்சர் மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. ஐலா தீவு விஸ்கிங்களுக்கு இதுதான் பேரு வாங்கிக் கொடுத்தது. அம்ருத் இந்தப் புகை போட்ட பார்லியை ஸ்காட்லாந்துல இருந்துதான் வரவழைக்குது. ஃப்யூஷன்ல கால் பங்கு அது, முக்கால் பங்கு இந்திய பார்லி. "நம்ம நீலகிரியிலயே பீட் இருக்கே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். இருக்கு. இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தைய தட்பவெப்பக் கணக்கையே அதுல இருந்து விஞ்ஞானிகள் படிச்சிருக்காங்க. அதைப் போய் அடுப்புக்கு வெட்டறதா? புகையைக் காசு கொடுத்தே வாங்கிக்கலாம்.

ஆக, புகை இரவல். சொந்தம்னு சொல்லிக்க இருக்கிறது வெயில். ஸ்காட்லாந்துல பீப்பாயில இருந்து வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் ஆவியாகும், தேவதைகளோட பங்குன்னு செல்லமா சொல்வாங்க. நாம குளிர் ஊருன்னு பீத்திக்கிற பெங்களூருலயே அது பத்து சதவீதத்துக்கு மேல. கணக்குப் போட்டேன் (பொட்டி தட்டுற புத்தி). 200 லிட்டர் பத்து வருஷத்துல அங்கே 163 லிட்டரா நிக்கும், இங்கே 70-தான் தேறும். ஆனா சூட்டுல சரக்கு மரத்துக்குள்ள வேகமா போய் வர்றதால, நாலஞ்சு வருஷத்துலயே பதமாயிடும். அதுக்கு மேல வெச்சா மரம்தான் ஜெயிக்கும்.

அதனாலதான் கிரீடி ஏஞ்சல்ஸ் வரிசை மேல எனக்கு அரை மனசு. முதல்ல 2013-ல எட்டு வருஷம், மொத்தமே 144 பாட்டில். பிறகு பத்து வருஷ பீட்டட், ரம் பீப்பாயில முடிச்சது. இந்த வெயில்ல பத்து வருஷம் காப்பாத்தினது சாமர்த்தியம்தான், மறுக்கலை. ஆனா ஸ்காட்லாந்துக்காரன் போட்ட வயசுக் கணக்குல நாமும் மார்க் வாங்கிக் காட்டணுமா? வாங்கறவங்கள்ல பாதிப் பேர் பெட்டியோட அலமாரியில பூட்டி வைக்கிறவங்க. அந்த விலையில முக்கால்வாசி, ஆவியாப் போன விஸ்கிக்கு.

அந்தக் காசுல சாதா அம்ருத் பீட்டட் எத்தனையோ பாட்டில் வாங்கலாம். வயசு போடாத அதுலதான் இந்த ஊர் வெயில் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. ஐஸ் வேண்டாம், ரெண்டு சொட்டு தண்ணி போதும். கோலா ஊத்தறவங்க தயவுசெய்து என் பக்கத்துல உட்காராதீங்க.