பளபளக்கும் தரை யாருக்காக?

ஒருவர் புதிதாக ஓட்டல் தொடங்குகிறார். சுவருக்கு வண்ணம் பூசியாகிவிட்டது. விளக்குகளும் வந்துவிட்டன. தரைக்கு என்ன போடுகிறார்? முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான டைல்ஸ்! திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் "ஆகா!" என்கிறார்கள்.

மறுநாள் அந்தத் தரையில் சாம்பார் வாளியுடன் ஓட வேண்டியவர் பரிமாறும் சிப்பந்தி. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

தரையை வாங்குகிறவர் முதலாளி. அதில் நாள் முழுவதும் நடக்கிறவர் வேறொருவர். நடக்கிறவரை நினைத்துத்தான் தரை போட வேண்டும் என்பது என் கருத்து.

வழுக்கும் சோதனை

ஓட்டல் சமையலறையில் தண்ணீர் சிந்தும். எண்ணெயும் சிந்தும். இரண்டும் சேர்ந்தால் பளபளப்பான தரை வழுக்குப் பாறைதான். கையில் கொதிக்கும் குழம்பு இருக்கும்போது சறுக்கினால் என்ன ஆகும்?

தரை எவ்வளவு வழுக்கும் என்று பார்க்க ஜெர்மனியில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு மேடையில் டைல்ஸைப் பதித்து, அதன் மேல் எண்ணெய் ஊற்றுவார்கள். ஒருவர் அதில் நடப்பார். மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். எந்தச் சாய்வு வரை அவரால் நடக்க முடிகிறதோ, அதை வைத்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் கொடுப்பார்கள். எண் கூடினால் பிடிப்பும் கூடும். (நடக்கிறவர் விழாதபடி கயிறு கட்டியிருப்பார்கள். நம் ஓட்டல் சிப்பந்திக்குக் கயிறு ஏது?)

டைல்ஸ் கடையில் இந்த எண்ணைக் கேளுங்கள். சமையலறைக்கு 11-க்குக் குறைந்தது வேண்டாம்.

"சொரசொரப்பான தரையில் அழுக்குப் பிடிக்குமே?" என்பார்கள். பிடிக்கும்தான். தேய்த்துக் கழுவ வேண்டும். அது அரைமணி நேர வேலை. முறிந்த எலும்பு கூட எத்தனை வாரம்?

பளிங்குக்கும் புளிக்கும் ஆகாது

சிலர் பெருமைக்காக ஓட்டலில் பளிங்குக்கல் பதிக்கிறார்கள். பளிங்கு ஒருவகைச் சுண்ணாம்புக்கல். புளி, எலுமிச்சம்பழச் சாறு, மோர் ஆகியவை அதை அரிக்கும். ரசம் சிந்திய இடத்தில் மெருகு போய்த் தடம் விழும். கடப்பைக் கல்லுக்கும் இதே கதிதான். கிரானைட் புளிப்பைத் தாங்கும். அதிலும் மெருகிடாத கல்லாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்தக் கல்லானாலும் வாட்டம் முக்கியம். தண்ணீர் தானாகச் சாக்கடைத் துவாரத்துக்கு ஓட வேண்டும். தரை போட்டதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் மேஸ்திரிக்குக் கூலி கொடுக்காதீர்கள்!

ஆஸ்பத்திரியும் துணிக்கடையும்

ஆஸ்பத்திரியில் விரோதி வேறு. டைல்ஸுக்கு டைல்ஸ் இருக்கும் இடுக்குதான் அங்கே தொல்லை. அழுக்கும் கிருமியும் அதில் தங்கும். ஆகவே அறுவைச் சிகிச்சை அறைகளில் வினைல் விரிப்பை ஒட்டி, இணைப்புகளைச் சூடு காட்டி உருக்கிச் சேர்க்கிறார்கள். சுவரோரம் மூலை இல்லாமல் வளைத்து மேலே ஏற்றிவிடுகிறார்கள். துடைப்பது சுலபம்.

கிடங்குக்கு டைல்ஸே வேண்டாம். இரும்புச் சக்கர வண்டி ஏறினால் ஓரம் உடைந்துவிடும். கெட்டியான கான்கிரீட் தரை போதும்.

நகைக்கடை, துணிக்கடைக்குப் பளபளப்பு இருக்கட்டும். ஈரம் இல்லாத இடம். ஆனால் மழைக்காலத்தில் ஈரச் செருப்புடன் பாட்டிமார் வருவார்களே! வாசலிலிருந்து முதல் பத்தடிக்குச் சொரசொரப்பான கல் போட்டால் என்ன குறைந்துவிடும்?

வாங்குவதற்கு முன், மாதிரி டைல்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வையுங்கள். தண்ணீரும் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றுங்கள். அதில் நடக்கப்போகிற சிப்பந்தியையே கூப்பிட்டு, அவர் தினமும் போடும் செருப்போடு ஏறி நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்!