வீட்டுக் கேழ்வரகில் பண்டிகை பிஸ்கட்

கேள்வி: "கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம், ரவா லட்டு என்று நாலைந்து வகை செய்வோம். எனக்கும் மாமியாருக்கும் மூன்று ராத்திரி தூக்கம் போய்விடும். இந்த முறை அவருக்கு இடுப்பு வலி, அடுப்படியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் புதுக் கேழ்வரகு இருக்கிறது. அதில் பிஸ்கட் செய்து கொடுத்துவிடலாமா? எங்களிடம் ஓவன் கிடையாது."
- வாசகி, தேன்கனிக்கோட்டை பகுதி

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆனால் பழைய ஐந்து வகையோடு பிஸ்கட்டை ஆறாவதாகச் சேர்த்தால் வேலை குறையாது. மாமியார் கைப்பக்குவம் எதில் பெயர் பெற்றதோ, அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பக்குவம் சொல்லட்டும். கூட பிஸ்கட் ஒன்று. தட்டில் இரண்டு வகை இருந்தால் எந்தப் பக்கத்து வீட்டாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முதலில் தானியம். அறுவடையான புதுக் கேழ்வரகில் ஈரம் இருக்கும். அதை அப்படியே அரைத்தால் மாவு கட்டி தட்டி, பூஞ்சண வாடை வரும். உங்கள் பகுதியில் டிசம்பர் காலையில் பனி விலக நேரமாகும். வெயில் ஏறிய பிறகு தார்ப்பாயில் பரப்பி, இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். கல், மண் நீக்கிப் புடைத்து, மில்லுக்குக் கொண்டுபோவது வரை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவை அரைக்க விடாதீர்கள்.

இதையே கம்பில் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம். அதனால் அரைத்த மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். கேழ்வரகில் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் மாவு தாங்கும். முன்கூட்டியே அரைத்து வைக்க இதுதான் தோது.

அளவு: கேழ்வரகு மாவு 300 கிராம், கோதுமை மாவு 200 கிராம், நெய் 250 கிராம், பொடித்துச் சலித்த நாட்டுச் சர்க்கரை 220 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கேழ்வரகு மாவுக்கு ஒட்டும் தன்மை கிடையாது, அதற்காகத்தான் கோதுமை. வீட்டு வெண்ணெயில் நீர் இருக்கும் என்பதால் காய்ச்சிய நெய்யே நல்லது. வனஸ்பதி வேண்டாம்.

வேலையை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள், கேழ்வரகு மாவை இளந்தீயில் வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் நெய் உருகி மாவு கூழாகிவிடும். இரண்டாம் நாள், உறைந்த நெய்யையும் சர்க்கரையையும் கையால் ஐந்து நிமிடம் குழைத்து, மற்றதை எல்லாம் சேர்த்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும். உருட்டவே வரவில்லை என்றால் மட்டும் ஒரு ஸ்பூன் பால். இரண்டு விரல் தடிமனுக்கு நீளமாக உருட்டி, வாழை இலையில் சுற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பால் சேர்த்திருந்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மறுநாள் கத்தியால் அரை விரல் கனத்துக்கு வெட்டினால் போதும். அச்சு, பூ வேலை எதுவும் தேவையில்லை. ஓரம் லேசாக விரிசல் விட்டால் விடட்டும், கேழ்வரகு அப்படித்தான்.

ஓவனுக்குப் பதில் பழைய கனமான இரும்பு வாணலி. பலர் குக்கரில் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்த குக்கர் கெட்டுப்போகும், பிறகு அதில் பருப்பு வேகவைப்பது ஆபத்து. வாணலியில் ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த ஆற்று மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் காயவிடுங்கள். அப்புறம் நெய் தடவிய தட்டில் பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். விறகடுப்பாக இருந்தால் மூடியின் மேலும் கொஞ்சம் தணல் போடலாம். அந்தக் காலத்தில் கேக்கே இப்படித்தான் சுட்டார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. மைதா பிஸ்கட் பொன்னிறமானால் வெந்தது என்று தெரியும். கேழ்வரகின் நிறத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள், மேற்பக்கத்தை விடக் கருத்து, ஓரம் இறுகியிருந்தால் இறக்கிவிடலாம். நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும். கெட்டியாகும்வரை அடுப்பில் விட்டால் தீய்ந்த கசப்பு வந்துவிடும். முளைகட்டிய மாவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கருகும்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். இந்த அளவுக்கு ஏறக்குறைய 75 பிஸ்கட் வரும். ஒரு தட்டில் பத்துதான் கொள்ளும். இரண்டு வாணலி வைத்தால் நாலு ஈடு, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு கிலோ மாவுக்கு இதே முறையில் இறங்கினால் அரை நாளைத் தாண்டும், பழைய கதைதான். அதிகம் வேண்டுமென்றால் டவுனில் தெரிந்த பேக்கரியில் கேளுங்கள். பன், ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் சூடு இருக்கும். கூலிக்குச் சுட்டுத் தர ஒப்புக்கொண்டால், வெட்டிய பிஸ்கட்டைக் கொண்டுபோய் ஒரே ஈட்டில் எடுத்து வந்துவிடலாம்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. அதற்காகச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். மற்றவர்களுக்கும் இது பண்டிகைப் பலகாரம், களிக்கும் கூழுக்கும் மாற்று அல்ல.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூடாக மூடினால் வேர்த்து நமத்துவிடும். பால் சேர்க்காதது இரண்டு வாரம் தாங்கும். அடுத்த வருஷம் விற்கலாம் என்ற எண்ணம் வந்தால், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.